நடக்காத செத்தவீட்டின் கோப்பி

மங்கையற்கரசியின் வளவுக்குள் மூடுபனி இறங்கியது 2013ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. மன்னார்ப் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்தின் கடைசி வாய்க்கால் போய் முடிகிற ஊர் அது. வெயிலையும் உப்புக்காற்றையும் தவிர வேறெதுவும் அங்கே கேட்காமல் வந்து சேர்ந்ததில்லை. பனி கேட்காமல் வந்தது. கிணற்றடியிலிருந்து பின்வேலி வரைக்கும் ஆளுயரத்துக்கு வெள்ளையாக நின்றது. வேலிக்கு அப்பால் வழமைபோல வெயில் எறித்தது. ஊரார் வந்து வேலிக்கு மேலால் கையை விட்டுப் பார்த்து, குளிருதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனார்கள். அந்தக் கிழமை நெல் விலையும் இறங்கியிருந்தபடியால் சந்தியில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் முந்தித்தான் அந்த வீட்டில் ஒரு செத்தவீடு தொடங்கி, நடக்காமல் நின்றுபோயிருந்தது. மங்கையற்கரசிக்கும் யோகராசாவுக்கும் மூத்தவன் பார்த்தீபன், இளையவள் சுபத்திரா. பார்த்தீபனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. மார்கழி மாதத்தில் நெஞ்சில் எண்ணெய் பூசி, காதை மூடிக் கட்டித்தான் வெளியே விடுவார்கள். இழுப்போடுதான் வளர்ந்தான், ஊரில் பழுதான உழவு இயந்திரம் எல்லாம் திருத்தினான், குளம் வற்றி இரண்டு போகம் பொய்த்த பிறகு இருபத்திரண்டு வயதில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறி அவுஸ்திரேலியாவுக்குப் போனான். "போய்ச் சேர்ந்த உடனை போன் எடுப்பன் அம்மா" என்றான். மாதக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை. கடைசியில், அந்த வள்ளம் நடுக்கடலில் ஆட்களோடு மூழ்கிப்போனதாக, அதே வள்ளத்தில் தம்பியை அனுப்பியிருந்த பேசாலை ஆள் ஒருவர் வந்து சொன்னார். யோகராசா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். அவர் நம்பிவிட்டார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலார்தான் பச்சைக் கோப்பிக்கொட்டையும் மல்லியும் சீனியும் கொண்டுவந்து, தங்கள் அடுப்பில் வறுத்து, உரலில் இடித்து, வருகிற சனத்துக்கெல்லாம் வெறுங்கோப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. செய்தி கேட்ட கையோடு கொட்டையோடு வந்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் வந்தார்கள். ஒருத்தி சுளகில் கொட்டையைக் கொட்டிக் கல் பொறுக்கத் தொடங்கியபோது மங்கையற்கரசி எழும்பி வந்து சுளகைப் பறித்தாள். "ஆரின்ரை செத்தவீட்டுக்கடி கோப்பி? என்ரை பிள்ளை இன்னும் போன் எடுக்கேல்லை. அவ்வளவுதான்" என்று சொல்லி, கொட்டை முழுவதையும் பின்வளவுக்குள் விசிறி எறிந்தாள். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. வாசலில் கட்டத் தொடங்கியிருந்த பந்தலை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். எட்டாம் நாள் சடங்கும் நடக்கவில்லை, போன உயிரை வழியனுப்புகிற முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நடக்கவில்லை. மகன் இல்லை என்று யோகராசாவுக்குத் தெரியும். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லுகிற துணிவு அந்த மனிதருக்கு ஒருநாளும் வரவில்லை.

மாரி மழையோடு அந்தக் கொட்டைகள் முளைத்தன. முளைத்த அன்றுதான் பனியும் இறங்கியது. என்ன செடி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கொட்டையாகத்தான் கடையில் கண்டிருக்கிறார்களே தவிர, மரத்தில் கண்டவர்கள் இல்லை. 2017இல் வெள்ளையாகப் பூத்து, பிறகு சிவப்பாகக் காய்த்தபோது, இளவயதில் மலைநாட்டு அட்டனில் கடைச் சிப்பந்தியாக நின்ற சிங்கராசா வேலிக்கு வெளியே நின்று, "இது கோப்பியெல்லோ!" என்று கத்தினார். சிங்கராசா நெல் விவசாயிகள் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர், சத்தம் மட்டும் கொஞ்சம் கூட.

பனிக்குள் மரத்திலிருந்து பழம் ஆயப் போன பெண்கள் துவாயால் காதை மூடிக் கட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவு குளிர். மங்கையற்கரசிக்கு மட்டும் அது குளிரவில்லை. நித்திரை கொள்கிற குழந்தைக்குப் பக்கத்தில் படுத்திருப்பதுபோல இளஞ்சூடாக இருந்தது அவளுக்கு. உள்ளே யாரோ இருமுகிற சத்தமும் கேட்கும். விட்டு விட்டு, நெஞ்சுக்குள் இழுத்து இழுத்து வருகிற இருமல். ஆய்கிற பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, "கொக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போவார்கள். மங்கையற்கரசி கூடையை வைத்துவிட்டு நின்று கேட்பாள். பிள்ளை வளவுக்குள்தான் நிற்கிறான் என்று அவளுக்கு அப்படியொரு நிம்மதி. யோகராசா மட்டும் பனிக்குள் கால் வைத்ததே இல்லை.

முசலியைச் சேர்ந்த அகீல் என்ற பெடியன் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகத் திரிந்துகொண்டிருந்தான். அவன்தான் ஒரு பொதி கோப்பித்தூளைக் கொழும்புக்குக் கொண்டுபோனான். அடுத்த வருடம் கோப்பி வாங்குகிற நிறுவனம் ஒன்றிலிருந்து ஜேர்மன்காரி ஒருத்தி, பெயர் எல்கே, வந்து வேலிக்கு முன்னால் கதிரை போட்டு அமர்ந்து ஒரு கோப்பை குடித்தாள். குடித்து முடித்ததும் எழும்பித் தூரமாகப் போய், பல வருடமாகப் பேசாதிருந்த தன் தாய்க்குப் போன் எடுத்தாள். அந்தக் கோப்பியின் குணம் அது. குடித்தவர்கள் எல்லோருக்கும், யாருக்கோ போன் எடுக்கவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜேர்மனியில் அது நன்றாக விலைப்பட்டது.

இப்படித்தான் அந்த ஊருக்கு நியாய வணிகம் வந்தது. உண்மையைச் சொன்னால் அது பேருக்கேற்ற நியாயமாகத்தான் நடந்தது. சந்தையில் விலை விழுந்தாலும் பேசிய விலைக்குக் கீழே போகாது. தரகரின் லொறிக்குக் காத்திருந்து, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற வேலை இல்லை. பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே கூலி, பிள்ளைகளை வேலைக்கு விடக்கூடாது, மருந்தடிக்கக்கூடாது, பொதுக் காரியத்துக்கென்று தனியே வருகிற பங்கை என்ன செய்வது என்று, நெல்லோடு கோப்பியையும் எடுத்துக்கொண்ட சங்கம் கூடிக் கையுயர்த்தித் தீர்மானிக்கவேண்டும். பனிக்கு வெளியே நட்ட கன்று ஒரு கிழமை தாங்கவில்லை. ஆகவே ஊர் முழுவதும் பனிக்குள்ளேயே குடும்பத்துக்குச் சில வரிசை என்று பிரித்துக்கொண்டது. பனியும் வருடா வருடம் பக்கத்து வளவுகளுக்குள் பரவி இடம் கொடுத்தது. முன்பள்ளிக்கு ஓட்டுக் கூரை வந்தது, குடிதண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரம் வந்தது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த மூன்று பெண்கள் திரும்பி வந்தார்கள். அதில் ஒருத்திக்கு வலக் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இடக் கையால் நன்றாகப் பழம் ஆய்வாள். ஊர் அந்தக் கோப்பியை "நியாயக் கோப்பி" என்றது.

2019இல் சங்கக் கூட்டத்தில் ஒரு காரியம் நடந்தது. எல்கேயோடு படம் எடுப்பதற்காகச் சிங்கராசா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். பழத்தோல் உரிக்கிற இயந்திரத்தைக் குனிந்து காட்டும்போது கழுத்துப்பட்டி அதற்குள் அகப்பட்டு, மனிதர் அரைவாசி கழுத்துப்பட்டியோடு நிமிர்ந்து, "மிச்சத்தைக் கோப்பியோடை அனுப்பி விடுங்கோ" என்றார். மங்கையற்கரசி வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு வருடத்தில் முதற்சிரிப்பு. அன்று பின்னேரம் பனி வேலிப்பக்கமாக இரண்டு வரிசை சுருங்கியது. வெளியே விடுபட்ட செடிகள் மறுநாள் மத்தியானம் கருகின. அந்த இரண்டு வரிசையும் கை ஏலாத பெண்ணின் பங்கு. சிங்கராசா அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். எவரும் எதையும் கூடித் தீர்மானிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஊரில் மங்கையற்கரசிக்கு முன்னால் ஒருவரும் பகிடி விட்டதில்லை. அவள் வந்தால் வானொலியைக் குறைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை அவள் வீட்டுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. எல்லோரும் அவளில் அன்பாகத்தான் இருந்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பசளை இல்லாமல் நெல் கருகி, நாடே எண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற 2022இல் அந்த ஊரில் மட்டும் அடுப்பு அணையவில்லை. கோவிலைக் கடந்து போகிறபோது செய்வதுபோல, அவளுடைய வாசற்படலையைக் கடக்கும்போதும் சைக்கிளிலிருந்து இறங்கி நடந்தார்கள்.

அடுத்த வருடம் சங்கம் ஒரு பஸ் பிடித்து, கோப்பி பராமரிப்பைப் பார்த்துப் பழக உறுப்பினர்களை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனது. மங்கையற்கரசி மலைநாட்டுக்குப் போனது அதுவே முதல்தடவை. பஸ்ஸை விட்டு இறங்கினாள். மூடுபனி வந்து அவள்மேல் விழுந்தது. பல்லு கிடுகிடுவென்று அடித்தது, விரல் நுனி விறைத்தது, மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் கத்திபோல இறங்கியது. வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்குக் குளிர்ந்தது. சேலைத்தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு சுபத்திராவின் கையைப் பிடித்தாள். "இதையோடி நீங்களெல்லாம் குளிர் எண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "ஓம் அம்மா. எங்கடை வளவுக்குள்ளை இதைவிடக் கூட." மங்கையற்கரசி அப்படியே வீதியோரத்தில் குந்திவிட்டாள். "இந்தக் குளிருக்குள்ளையோ பத்து வருசமா என்ரை பிள்ளையை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்? இழுப்புக்காரப் பிள்ளையை?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில்தான் மகன் செத்துப்போனதை அவள் ஒப்புக்கொண்டாள். பயிற்சிக்குப் போகவில்லை. நடைபாதைக் கடையில் ஒரு நீலச் சுவெட்டர் வாங்கினாள். ஆருக்கு என்று கடைக்காரன் கேட்டதற்கு, இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்கு, கொஞ்சம் மெலிவு என்றாள்.

திரும்பி வந்த அன்றே யோகராசாவிடம், "அந்தியேட்டி செய்வம். அவன் குளிரிலை நிக்கிறான், விடுவம்" என்றாள். யோகராசா அவ்வளவு காலமும் காத்திருந்த வார்த்தை அது. எழும்பி, அலுமாரியைத் திறந்து, பத்து வருடத்துக்கு முதல் இதற்கென்றே வாங்கி ஒளித்து வைத்திருந்த புது வேட்டியை எடுத்துக் காட்டினார். மடிப்புகள் பழுப்பேறியிருந்தன.

அந்தியேட்டி நடந்தால் பனி போய்விடும் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. மறுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. தாய் தன் பிள்ளைக்குச் செய்கிற கடமை. ஆனால் ஐயரைக் கூப்பிடப் போனால் ஐயருக்குக் காய்ச்சல் என்றார்கள். வாடகை வான்காரரின் வான் பழுதாகியிருந்தது. ஒரு போகம் அப்படிப் போயிற்று. பிறகு சிங்கராசா வந்து படலைக்கு வெளியே நின்றார். வழமையான சத்தம் இல்லை. "அக்கா, நான் கேக்கக்கூடாது. கேட்டால் எனக்கு நரகம்தான். இந்த ஒருமுறை பழம் ஆய்ஞ்சு முடியட்டும் அக்கா. ரெண்டு பேரின்ரை பிள்ளையள் கம்பசிலை படிக்க எடுபட்டிருக்கினம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மங்கையற்கரசி ஒரு அறுவடை பொறுத்தாள். இருமல் மோசமாகிக்கொண்டே போனது. இப்போதெல்லாம் அதைக் கேட்டால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அடுத்த அறுவடைக்கு முதல், தானே மன்னாருக்குப் போய் ஒரு வான் பேசிக்கொண்டு வந்தாள்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் சுபத்திரா தன் பாஸ்போட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருப்பதைத் தாய் கண்டாள். இருபத்தேழு வயது அவளுக்கு. சங்கத்தின் கணக்கு வழக்கு முழுவதும் அவள் பொறுப்பு. முன்பள்ளிக்கு ஓடு போட்டது, தண்ணீர் இயந்திரம் வாங்கியது எல்லாம் அவள் எழும்பி நின்று வாதாடிப் பெற்றவை. "எங்கையடி போறாய்?" "குவைத்துக்கம்மா. நாளைக்குத் திரும்பி வரேக்கை மன்னாரிலை ஏஜென்சிக் கந்தோரிலை பாஸ்போட்டைக் குடுத்திட்டு வருவம். பனி போனால் நெல்லை நம்பி ஏலாது. அப்பாக்கும் மருந்தெடுக்கோணும். அண்ணாவை விடுங்கோ. நான் போய் உழைக்கிறன்." அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. தாய்க்குச் சுகமாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவளோடு சேர்த்து ஊரில் இன்னும் நாலு பெண்கள் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்திருந்தார்கள். கை ஏலாதவளும் எடுத்திருந்தாள்.

திருக்கேதீஸ்வரத்துப் பாலாவித் தீர்த்தக்கரையில் அந்தக் காலை காற்றில்லாமல் இருந்தது. யோகராசா பழுப்பேறிய வேட்டியைக் கட்டிக்கொண்டு கிழக்குப் பார்த்து அமர்ந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல ஐயர் தர்ப்பைப் புல்லால் ஒரு ஆளை முடிந்து வாழையிலையில் கிடத்தினார். மங்கையற்கரசி நீலச் சுவெட்டரை மடியில் வைத்திருந்தாள்; பிண்டத்தோடு அதையும் மகனுக்கென்று கொடுத்துவிடலாம் என்று நினைத்துக் கொண்டுவந்தது. சற்றுத் தள்ளிப் படிக்கட்டில் சுபத்திரா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். வெயில் கண்ணில் பட, வலக் கையை உயர்த்தி முகத்துக்கு மறைப்புப் பிடித்தாள். தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையின்ரை பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ அம்மா" என்றார் ஐயர். யோகராசா, மனைவி சொல்லுவாள் என்று திரும்பிப் பார்த்தார். ஐயர் இன்னொருமுறை கேட்டார். ஒருத்தன் செத்துப்போனான், அவனுக்குக் குளிருகிறது. ஒருத்தி உயிரோடு நிற்கிறாள், அவளுக்கு இரண்டு கையும் இருக்கிறது. பெற்றவளுக்கு இதற்குமேல் எவராலும் ஒரு கொடுமை செய்ய முடியாது. மங்கையற்கரசி குனிந்து அந்தப் புல்லு ஆளின் தலையை ஒருதரம் தடவினாள். பிறகு சுவெட்டரை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"பொறுங்கோ ஐயா. அவன் இன்னும் போன் எடுக்கேல்லை" என்றாள்.

முதல்தடவை அதை நம்பிச் சொன்னவள் இந்தமுறை நம்பாமல் சொன்னாள். யோகராசா அந்தக் கரையிலேயே பெருங்குரலெடுத்து அழுதார். பதினொரு வருடம் அடக்கி வைத்தது. யாரும் அவரைத் தேற்றவில்லை. திரும்பி வரும் வழியில் வான் மன்னார்ப் பக்கம் திரும்பவில்லை. சுபத்திரா தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஊர் வரும்வரைக்கும் அப்படியே இருந்தாள்.

வான் வந்து நின்றபோது பனி அசையாமல் நின்றது. ஊர் வேலியோரத்தில் கூடி நின்றது. ஒருவரும் சந்தோசப்படவில்லை, அவ்வளவுக்கு மனிதர்கள்தான் அவர்கள். மங்கையற்கரசி நேரே பனிக்குள் போனாள். அன்றிலிருந்து அது அவளுக்கும் குளிர்ந்தது. முதன்முதலில் முளைத்த மரத்தைத் தேடி, அதன் கொப்பில் நீலச் சுவெட்டரை விரித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அந்த வருடமும் நியாய வணிகச் சான்றிதழுக்காகப் பரிசோதகர் ஒருவர் ஜேர்மனியிலிருந்து வந்தார். ஒவ்வொரு வருடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டார், அகீல் தமிழில் சொன்னான். மருந்து அடிக்கிறீர்களா? கூலி ஒழுங்காக வருகிறதா? கடைசிக் கேள்வி: "இஞ்சை ஆரும் விருப்பமில்லாமல், வற்புறுத்தலிலை நிக்கினமோ அன்ரி?" மற்ற வருடங்களில் அவள் உடனே இல்லை என்றுவிடுவாள். இம்முறை தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "உயிரோடை இருக்கிறவையைத்தானே, தம்பி, இவர் கேக்கிறார்?" என்றாள். அகீலுக்கு முகம் மாறியது. ஓம் என்று தலையாட்டினான். "அப்ப இல்லையெண்டு சொல்லு." அப்போது பனிக்குள் இருமல் கேட்டது. யாருக்கோ சுகமில்லையா என்று பரிசோதகர் ஆங்கிலத்தில் விசாரித்தார். அகீல், கொக்கு என்றான்.

சான்றிதழ் மறுபடியும் கிடைத்தது. சுபத்திரா இப்போது சங்கத்தின் செயலாளர். தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு ஊர் இலுப்பைக்கடவை. பழம் ஆய்கிற பெண்கள் அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிட்டு ஆய்கிறார்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மங்கையற்கரசி சுவெட்டரைக் கொண்டுபோய்க் கொப்பில் போடுகிறாள். காலையில் அதைப் போய் எடுத்துவருவது யோகராசா. பனிக்குள் கால் வைக்காதிருந்த மனிதர் இப்போது ஒருநாளும் தவறுவதில்லை. தெப்பமாக நனைந்திருக்கும், பிழிந்து, அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுக் காயவைப்பார்கள். இருமல் முந்தியைவிடக் கொஞ்சம் குறைவு என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்கிறார்கள். போன மாதம் மடிக்கும்போது, சுவெட்டரின் முழங்கை இரண்டும் தேய்ந்து நூல் விட்டிருப்பதை மங்கையற்கரசி கண்டாள். சந்திக் கடையில் நீல நூல் வாங்கிவந்து, வெளிச்சத்துக்கு நேரே அமர்ந்து, அதை இழையோடித் தைத்துவிட்டு, பின்னேரம் வழமைபோலக் கொண்டுபோய்ப் போட்டாள்.